மெலேக்குக் காட்டாத பதினெட்டு நிமிடங்கள்

சென்ற மாதம் ஒரு காலை, காருக்குத் தகுதிச் சான்று எடுப்பதற்காக மவுண்ட் ரோஸ்கில்லில் ஒரு கராஜில் காத்திருந்தேன். தொலைபேசி அடித்தது. தெரியாத இலக்கம். எடுத்தால், தமிழ்நாட்டுத் தமிழில் ஒரு பெண்குரல்.

“சார், நான் கயல்விழி பேசுறேன். உங்க சீட்ல இப்போ நான்தான் உக்காந்திருக்கேன்.”

என் சீட் என்று அந்தப் பெண் சொன்னது, நியூசிலாந்தில் ஆக்லாந்து நகரத் தொழில்முறைக் கூடைப்பந்து அணி ஒன்றின் வீடியோ அறை நாற்காலியை. இருபது வருஷத்துக்கு மேல் அதில் இருந்து ஆட்டங்களை வெட்டி ஒட்டிவிட்டு, போன வருஷம்தான் ஓய்வு பெற்றேன். இப்போது வெட்டுவதை எல்லாம் மென்பொருளே செய்கிறதாம். ஒரு வீரனின் பெயரைத் தட்டினால் அவன் விட்ட பிழை முழுவதையும் தேநீர் ஆறுவதற்குள் வரிசையாக எடுத்து நீட்டுகிறதாம்.

“பழைய கம்ப்யூட்டர காலி பண்ணச் சொல்லிருக்காங்க சார். அதுல தமிழ்ல பேர் வச்ச ஃபோல்டர் நிறைய இருக்கு. ஒண்ணுல ‘மெலேக்குக் காட்டக்கூடாது’ன்னு போட்டிருக்கு. பதினெட்டு நிமிஷ வீடியோ. டெலீட் பண்ணிடவா?”

எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்தக் கட்டடத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்ற தைரியத்தில் வைத்த பெயர்கள் அவை. என் நாற்காலிக்கே ஒரு தமிழ்நாட்டுப் பிள்ளை வந்து சேருவாள் என்று கனவிலும் நினைக்கவில்லை.

“அழிக்காதை பிள்ளை. அதுக்கொரு கதை இருக்கு.”

“சொல்லுங்க சார்.”

“ஃபோனிலை சொல்ல ஏலாது. எழுதி அனுப்புறன்.”

எழுதத் தொடங்கினால் கை நிற்கவில்லை. அதனால் எல்லாருக்குமாகவே எழுதுகிறேன். அணியின் பெயரைச் சொல்லமாட்டேன், ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். அவர்கள் ஆங்கிலத்தில் கதைத்ததை எனக்கு வரும் தமிழில்தான் எழுதமுடியும். ஆகவே ஒரு தொங்கா நாட்டுப் பெண்ணும் ஓர் அமெரிக்கரும் யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரிச் சந்தையில் நின்று கதைப்பது போல உங்களுக்குத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

நான் கூடைப்பந்து ஆடியவன் இல்லை. என் உயரத்தைக் கண்டவர்கள் அந்தக் கேள்வியையே கேட்கமாட்டார்கள். அகதியாக வந்து, சில வருஷம் அலுவலகங்கள் துப்புரவாக்கி, பிறகு ஒரு கமெரா வாங்கி, ஆக்லாந்துத் தமிழர்களின் கல்யாணம், சாமத்தியச் சடங்கு, அரங்கேற்றம் எல்லாவற்றையும் படம் பிடித்தேன். அந்தத் தொழிலில் எதை எடுக்கிறோம் என்பது பெரிய காரியமில்லை. எதை வெட்டுகிறோம் என்பதுதான் காரியம். தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா கோபித்துக்கொண்டு எழும்பிப் போய்விடுவார். வீடியோவில் அவர் முன்வரிசையில் இருந்து சிரித்துக்கொண்டிருப்பார். காலையில் இட்லி சாப்பிடும்போது சிரித்த சிரிப்பை எடுத்துவந்து அங்கே வைத்திருப்பேன். பெண்வீட்டார் கண்கலங்கி என் கையைப் பிடித்து நன்றி சொல்வார்கள்.

என் மகள் பள்ளிக்கூட அணியில் ஆடினாள். அவளுடைய ஆட்டங்களையும் படம் பிடித்தேன். அவளுடைய பயிற்சியாளருக்குத் தொழில்முறை அணியில் வேலை கிடைத்தபோது, “கமெரா வைத்திருக்கிற அப்பாவை” ஆறு வாரம் உதவிக்குக் கூப்பிட்டார். “டாட், உங்களுக்கு ரூல்ஸே தெரியாதே,” என்று மகள் ஆங்கிலத்தில் சிரித்தாள். விதிகளைப் படிக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. ஆறு வாரம் எப்படி இருபது வருஷம் ஆனது என்பதற்குக் காரணம் மெலே.

மெலே, நான் மேலே சொன்ன தொங்கா நாட்டுப் பெண், எங்கள் அணியின் பொது மேலாளர். யாரை எடுப்பது, யாரை அனுப்புவது என்ற முடிவு அவருடையது. இளவயதில் தானும் ஆடியவர். அகன்ற தோள், மெதுவான நடை, அதைவிட மெதுவான பேச்சு. வீடியோ பார்க்க வரும்போது பையில் நாலு மண்டரின் தோடம்பழம், அதாவது சின்ன ஆரஞ்சு, கொண்டுவருவார். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் தோலை ஒரே சுருளாக உரித்து என் மேசையில் வைப்பார். சுருள் அறுந்துவிட்டால் அந்த வீரன் அவருக்குப் பிடிக்கவில்லை என்று நானும் எங்கள் உடற்சிகிச்சையாளர் தேவனும் ஒரு கணக்கு வைத்திருந்தோம். பெரும்பாலும் சரியாகத்தான் இருந்தது.

முதல் தடவை ஒரு புது வீரனைப்பற்றி வீடியோ வெட்டித் தரச் சொன்னார். நான் என் முழுத் திறமையையும் காட்டினேன். அவன் எறிந்த பந்தெல்லாம் மெதுவாக மிதந்து போய்க் கூடையில் விழுந்தது. ஒரு காட்சி மறைந்து அடுத்தது மலர்ந்தது. பின்னால் மெல்லிய இசை. ஓரிடத்தில், பழக்கதோஷத்தில், திரை இதய வடிவில் சுருங்கி விரிந்தது. மெலே நாலு பழத்தையும் தின்று முடித்தார்.

“சிவா, நீர் இவனை எனக்குக் கட்டிவைக்கப் போறீரோ?” என்றார்.

தேவன் நாற்காலியிலிருந்து விழாத குறை. மெலே சிரிக்காமலே தொடர்ந்தார். “எனக்கு வடிவு வேண்டாம். இவன்ரை கையிலை பந்து இல்லாத பத்து நிமிஷம் வெட்டித் தாரும்.”

அதுதான் அவருடைய முறை. பந்து கையில் இருக்கும்போது எல்லாரும் அழகர்கள். பந்து இல்லாதபோது அவன் என்ன செய்கிறான்? கூட்டாளிக்கு வழிவிட்டு எதிராளியை மறித்து நிற்கிறானா, இடுப்பில் கைவைத்து நிற்கிறானா? அடுத்தது, இடைவேளையில் பயிற்சியாளர் பேசும்போது அவன் கண் எங்கே போகிறது. மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அவனுடைய முகவரைக் கேட்கமாட்டார், அவன் முன்பு ஆடிய அணியின் பயிற்சியாளரைக் கேட்கமாட்டார். அங்கே உடுப்புத் தோய்க்கிறவரைத் தேடிப்பிடித்துப் பேசுவார்.

ஒருமுறை தூரத்திலிருந்து எறிவதில் மன்னன் ஒருவன் கிடைத்தான். எங்கள் அணியில் வெளிநாட்டவருக்கு மூன்று இடம்தான். கோப்பையை நெருங்கும் அணிக்கு அந்த மூன்று இடமும் உயிர். எல்லாரும் அவனை எடுங்கள் என்றோம். மெலே உடுப்புத் தோய்க்கிறவருடன் ஐந்து நிமிடம் கதைத்துவிட்டு வந்து, “வேண்டாம்,” என்றார். இரண்டு வருஷம் அந்த மனிதரிடம் தன் வியர்வை உடுப்பைக் கொடுத்தவன், ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லையாம். அவனை வேறு அணி எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே வந்து எங்களைப் பிய்த்து உதறினான். நான் மெலேயின் முகத்தைப் பார்த்தேன். “நல்லா எறியிறான்,” என்றார். அவ்வளவுதான். அந்த வருஷக் கடைசியில் அவனுடைய அணி இரண்டாக உடைந்து ஆளுக்காள் முகம் பாராமல் ஆடியது. மெலே அதைப்பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் வாய் அரித்தது.

மெலேயிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. வேறெந்த அணியிலும் அப்படி ஒன்றை நான் கேள்விப்படவில்லை. ஒருவனுடைய இடத்துக்கு இன்னொருவனை எடுக்க நினைத்தால், இடம் போகப்போகிறவனையே கூப்பிட்டு, வரப்போகிறவனின் வீடியோவைக் காட்டுவார். “இவனை எடுப்பியோ?” என்று அவனிடமே கேட்பார். தான் அணியிலிருந்து நீக்கப்பட்டதைப் பத்திரிகையில் வாசித்து அறிந்தவராம். இன்னொருவருக்கு அது நடக்கக்கூடாது என்பது அவருடைய பிடிவாதம். கத்தியவர்கள் உண்டு, கதவை அடித்துச் சாத்தியவர்கள் உண்டு. எல்லாருக்கும் நேரம் கொடுப்பார். உரித்த பழத்தில் பாதியையும் கொடுப்பார்.

இனி வெஸ்லியின் கதை.

வெஸ்லி அமெரிக்கர். கூடைக்கு அடியில் நிற்கிற நெட்டையர், எங்கள் வாசலில் குனிந்துதான் நுழைவார். எங்களோடு மூன்றாவது வருஷம். மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் ஹென்டர்சனில் ஒரு வாடகை வீட்டில். பயிற்சி முடிந்ததும் முழங்காலில் ஐஸ் கட்டிக்கொண்டு என் அறைக்கு வருவார். அங்கேதான் அவருடைய காலை நீட்ட இடம் இருந்தது. என் ஃபிளாஸ்கில் இருக்கும் இஞ்சித் தேநீரில் பாதி அவருக்குத்தான் போகும். நான் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டே பிள்ளைகளைப்பற்றிக் கதைப்பார். மூத்தவள் பள்ளியில் மாவோரிப் பாட்டுப் பாடுகிறாள், இளையவள் வெறுங்காலோடு தெருமுனை டெய்ரிக் கடைக்குப் போய்வருகிறாள், இனி இதுகளை வேறு எங்கேயும் கொண்டுபோகமுடியாது என்று சிரிப்பார்.

அந்த வருஷம் நாங்கள் இரண்டாம் இடத்தில் நின்றோம். கோப்பை கைக்கெட்டும் தூரத்தில். வெஸ்லியின் முழங்காலோ நாளுக்கு நாள் வீங்கியது. தேவன் மலேசியாவில் ஈப்போக்காரர், தமிழ் பேசுவார், வாசிக்கத் தெரியாது, சுற்றி வளைத்துப் பேசவும் தெரியாது.

“அண்ணே, அந்த முட்டி பைனல் வரைக்கும் தாங்காது லா. நான் மெலேகிட்ட சொல்லியாச்சு. சொல்லாம இருக்க முடியாது பாருங்க.”

ஆள் சேர்க்கும் பட்டியல் அடுத்த வெள்ளிக்கிழமையோடு மூடும். மெலே ஒரு பெயர் தந்தார். டோமாஸ். லித்துவேனியாக்காரர், ஐரோப்பாவில் ஆடுகிறவர், இருபத்தாறு வயது. திங்கள் காலை வெஸ்லிக்குக் காட்டவேண்டும், வீடியோ வெட்டும் என்றார்.

அந்த வார இறுதியில்தான், ஐஸ் கட்டிய காலோடு இருந்த வெஸ்லி என்னிடம் ஒன்று சொன்னார். நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார்களாம். விசா இந்த வேலையோடு கட்டியது. வேலை போனால் விண்ணப்பமும் போகும், நாலுபேரும் கிளம்பவேண்டியதுதான். “இன்னும் கொஞ்ச மாசம் எண்டால் சரி வந்திடும்,” என்றார். டோமாஸைப்பற்றி அவருக்கு இன்னும் தெரியாது.

விசா என்ற சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு எங்களுடைய விசாக் கடிதம்தான் நினைவுக்கு வரும். நானும் மனைவியும் அந்தக் கடிதத்துக்காக வருஷக்கணக்கில் தபால்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். அன்று பகல் முழுவதும் டோமாஸின் ஆட்டங்களைப் பார்த்தேன். பாவி, அவ்வளவு நன்றாக ஆடினான். பந்து இல்லாத பத்து நிமிடம் கேட்டால் பதினெட்டு நிமிடம் தரலாம் போலிருந்தது, வெட்டியும் வைத்தேன். மறிப்பதும், ஓடுவதும், விழுந்தவனைத் தூக்கிவிடுவதும், ஒன்றிலும் குறை சொல்ல இடமில்லை.

ஆனால் ஐந்து ஆட்டங்களில் மட்டும் அவனுக்கு என்னவோ ஆகியிருந்தது. பிந்தி ஓடினான், பக்கவாட்டில் திரும்பத் திணறினான். எனக்குள் இருந்த கல்யாண வீடியோக்காரன் விழித்துக்கொண்டான். அந்த ஐந்து ஆட்டங்களிலிருந்து மட்டும் பத்து நிமிடம் வெட்டினேன். ஒரு காட்சிகூடப் பொய் இல்லை. எல்லாம் அவனே ஆடியது, அவனே விட்ட பிழை. நல்ல பதினெட்டு நிமிடத்தை வேறு ஃபோல்டரில் போட்டு, யாருக்கும் விளங்காத எழுத்தில் அந்தப் பெயரையும் வைத்தேன். அழித்திருக்கலாம். நல்ல வேலையை அழிக்க மனம் வரவில்லை.

ஒரு யோசனை எனக்கு வந்ததுதான். வெஸ்லியும் இதைப் பார்ப்பாரே? பார்த்தால் என்ன, தன் இடத்துக்கு வருகிறவன் மோசமாகத் தெரிந்தால் எவன் வாயைத் திறப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை மெலே, வெஸ்லி, நான். கதவு சாத்தியிருந்தது. மெலே விஷயத்தைச் சொன்னார். வெஸ்லி தன் முழங்காலை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு, “சரி, போடுங்கோ,” என்றார்.

போட்டேன். மெலே உரிக்கத் தொடங்கினார். மூன்றாவது நிமிடத்திலேயே தோல் அறுந்தது. எனக்குள் ஒரு மகிழ்ச்சி, மறைப்பானேன். பத்து நிமிடமும் முடிந்தது.

“இவனை எடுப்பியோ?” என்று கேட்டார் மெலே.

வெஸ்லி என் பக்கம் திரும்பி, “சிவா, திரும்ப ஒருக்கால் போடுங்கோ. அந்த மூண்டாவதிலை நிப்பாட்டுங்கோ,” என்றார். நிறுத்தினேன். எழும்பித் திரைக்குக் கிட்டப் போய் டோமாஸின் காலைத் தொட்டுக் காட்டினார்.

“கணுக்காலிலை கட்டு. அடுத்ததைப் போடுங்கோ. இதிலையும் கட்டு. அடுத்தது. இதிலையும்.” மெலே பக்கம் திரும்பினார். “நான் இஞ்சை வர முந்தி ஐரோப்பாவிலை இவனோடை இரண்டு வருஷம் எதிரணியிலை நிண்டு ஆடினனான். இவன் இப்பிடி ஆடுறவன் இல்லை. காலிலை காயத்தோடை ஆடின நேரம் மட்டும்தான் இதிலை இருக்கு. கட்டு இல்லாத ஆட்டம் எங்கை?”

நாள் முழுக்கப் பார்த்த எனக்கு அந்தக் கட்டு கண்ணில் படவில்லை. தினமும் தன் காலில் கட்டுப் போடுகிற மனிதருக்கு மூன்று நிமிடத்தில் பட்டுவிட்டது.

மெலே பழத்தைக் கீழே வைத்தார். “சிவா, கட்டு இல்லாதது இருக்கோ?”

“இருக்கு.”

“எங்கை?”

“வேறை ஃபோல்டரிலை.”

“திறவும்.”

திறந்தேன். தமிழ் எழுத்துகளைப் பார்த்துக்கொண்டு, “இதிலை என்ன எழுதியிருக்கு?” என்றார்.

எத்தனையோ பொய் சொல்லியிருக்கலாம். ‘ஐரோப்பா இரண்டு’ என்று சொல்லியிருந்தால் யாருக்குத் தெரியும்? வாய் வரவில்லை. ஒவ்வொரு சொல்லாக மொழிபெயர்த்துச் சொன்னேன். மெலேக்கு. காட்ட. கூடாது.

எனக்கு வியர்த்து ஊற்றியது. முதலில் உடைந்தது வெஸ்லிதான். தோள் குலுங்கத் தொடங்கி, பிறகு கதிரையே குலுங்கி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். இடம் போகப்போகிற மனிதர், ஒரு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அப்படிச் சிரித்தார். மெலே சிரிக்கவில்லை.

“ஏன் இப்பிடிச் செய்தனீர்?” என்றார்.

சொன்னேன். விசா, பிள்ளைகள், விண்ணப்பம், எல்லாம். மெலேக்கு விசா விஷயம் தெரியாது. அவர் வெஸ்லியைப் பார்த்தார். வெஸ்லி சிரிப்பை நிறுத்தித் தலையைக் குனிந்துகொண்டார்.

“உம்மை நான் இப்பவே வீட்டை அனுப்பலாம்,” என்று என்னிடம் சொன்னார் மெலே. “உம்முடைய கண்ணாலைதான் நான் பாக்கிறன். அதை நீர் கட்டிவிட்டால் எனக்கு வேறை கண் இல்லை.” அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவ்வளவு வெட்கம் நான் அதற்கு முன்னும் பின்னும் பட்டதில்லை. “பதினெட்டு நிமிஷத்தையும் போடும்.”

போட்டேன். வெஸ்லி கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு தன்னையறியாமலே பேசத் தொடங்கினார். “பாருங்கோ, இவன் இடப்பக்கம் திரும்ப விருப்பமில்லாதவன். பந்து குடுக்கிற பெடியள் அதைத் தெரிஞ்சு குடுக்கவேணும்… இஞ்சை கை உயர்த்தினவன், ஆனால் கால் பிந்திப்போச்சு, அது ஒரு கிழமையிலை திருத்தலாம்… இவன் கோவக்காரன் இல்லை, வெக்கக்காரன். கத்தினால் ஆடமாட்டான்.” பதினெட்டு நிமிடம் அவர் பேசியதை மெலே பழைய கொப்பி ஒன்றில் எழுதிக்கொண்டேயிருந்தார். பழம் பாதி உரித்தபடி கிடந்தது.

முடிந்ததும் வெஸ்லி, “எடுங்கோ,” என்றார். “என்னைவிட நல்லவன். இவன் வந்தால் கோப்பை வரும்.” அதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. அவர் வெளியே போன பிறகும் மெலே எழும்பவில்லை.

“சிவா, இப்ப பேசினது வீரனோ, பயிற்சியாளரோ?” என்று கேட்டார்.

அணியில் நெட்டையர்களுக்கென்று தனிப் பயிற்சியாளர் இல்லை. அப்படி ஒரு வேலையை உண்டாக்க வேண்டுமென்றால் உரிமையாளர் சம்மதிக்கவேண்டும். உரிமையாளர் மனிதர் நல்லவர், ஆனால் சீக்கிரம் நம்பாதவர். வெஸ்லிக்குப் பயிற்சி கொடுக்கத் தெரியும் என்பதற்கு ஆதாரம் கேட்பார். அதைப் புதன்கிழமைக்குள் காட்டவேண்டும்.

“அந்த ஆதாரத்தை நீர் வெட்டும்,” என்றார் மெலே. “தேவன் உமக்குப் பக்கத்திலை இருப்பார்.”

அதாவது, எனக்குக் காவல். தேவன் ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டு, “அண்ணே, நான் போலீஸ் இல்ல லா, ஆனா இப்ப போலீஸ்தான்,” என்றார். அவர் கொண்டுவந்த நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றை இருவரும் சாப்பிட்டுக்கொண்டே மூன்று வருஷப் பயிற்சி வீடியோக்களைப் புரட்டினோம். பயிற்சி முடிந்து எல்லாரும் உடுப்பு மாற்றப் போன பிறகும் மண்டபத்துக் கமெரா ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பகுதியை யாரும் பார்த்ததில்லை. நானே பார்த்ததில்லை. அங்கே வெஸ்லி இருந்தார். மாற்று வீரர்களை ஒவ்வொருவராக நிறுத்தி, தோளைப் பிடித்துத் திருப்பி, பாதத்தைத் தன் பாதத்தால் நகர்த்தி, மறுபடி மறுபடி செய்யவைத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் இரண்டு நாள் இல்லை. மூன்று வருஷமும் செய்திருக்கிறார், யாரிடமும் சொல்லாமல்.

“என்ன மனுஷன் லா இவரு,” என்றார் தேவன். நான் அந்தப் பகுதியைத் திரும்ப ஒருமுறை ஓடவிட்டேன்.

இசை இல்லை, மெதுவோட்டம் இல்லை. ஓரிடத்தில் அவர் பிழையாகச் சொல்லிக்கொடுத்து, அந்த வீரன் தடுமாறி விழுந்து, இவர் தலையில் கைவைத்தபடி மன்னிப்புக் கேட்பது இருந்தது. என் கை தானாக வெட்டப் போனது. தேவன் என்னைப் பார்த்தார். விட்டுவிட்டேன்.

புதன்கிழமை உரிமையாளர் மனுகாவ்வில் உள்ள தன் அலுவலகத்தில் அதைப் பார்த்தார். விழுந்த இடத்தில் சிரித்தார். முடிந்ததும், “இவருக்கு இதுக்கு இவ்வளவு நாளும் சம்பளம் குடுக்கேல்லையோ?” என்று கேட்டார். மெலே இல்லை என்றார். வெள்ளிக்கிழமைக்குள் டோமாஸின் பெயரும் பட்டியலில் ஏறியது, வெஸ்லிக்கான புது வேலைக் கடிதமும் எழுதியாயிற்று.

இனித்தான் பெரிய கண்டம். விசாவில் இருந்தது ‘வீரர்’ என்று. அது ‘பயிற்சியாளர்’ என்று மாறவேண்டும். மாறும்வரை அவர் நாட்டில் இருக்கலாம், புது வேலையைத் தொடங்கக்கூடாது. மாறினால் வதிவிட விண்ணப்பமும் பிழைக்கும், மறுத்தால் நாலுபேரும் போகவேண்டும். வக்கீல் தன் பங்கைச் செய்தார். விண்ணப்பத்துக்குத் தேவையான ஆவணங்களை ஒழுங்குபடுத்தியது நான். ரோஸ்கில் தமிழர் பாதிப்பேருக்கு விசாப் படிவம் நிரப்பிக் கொடுத்த அனுபவம் அந்த ஒருமுறை கூடைப்பந்துக்கும் உதவியது.

அந்த வாரங்களில் வெஸ்லி டிக்கட் வாங்கிக்கொண்டு வந்து, எங்கள் ஆட்களுக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் பார்வையாளராக இருந்தார். பக்கத்தில் மனைவி, பிள்ளைகள், சிப்ஸ் பொட்டலம். பார்வையாளர் சத்தம் போடுவது வேலை ஆகுமா என்று வக்கீலிடம் கேட்டோம். அந்த மனிதர் நெடுநேரம் யோசித்து, அரங்கத்தில் எல்லாரும் போடுகிற சத்தம்தானே என்றார். அதன் பிறகு அரங்கத்தில் வெஸ்லியின் குரல் மட்டும்தான் கேட்டது. டோமாஸ் இரண்டாவது ஆட்டத்திலேயே இடப்பக்கம் திரும்பத் தொடங்கிவிட்டான்.

மெலே எனக்குக் கொடுத்த தண்டனையையும் சொல்லவேண்டும். தன் பெயரைத் தமிழில் ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். அதைத் தன் கணினியின் ஓரத்தில் ஒட்டிவைத்துக்கொண்டார். மாதம் ஒருமுறை என் அறைக்கு வந்து, அந்தத் தாளைக் கையில் பிடித்தபடி, ஃபோல்டர் ஃபோல்டராக அந்த எழுத்தைத் தேடுவார். நான் ஓய்வு பெறும்வரை தேடினார். கடைசிக் காலத்தில் அது எங்கள் இருவருக்கும் விளையாட்டாகிவிட்டது. முதல் வருஷம் அது விளையாட்டாக இருக்கவில்லை.

கோப்பை அந்த வருஷம் வரவில்லை. இறுதித் தொடரின் கடைசி ஆட்டத்தில் இரண்டு புள்ளியால் தோற்றோம். டோமாஸ் குழந்தை போல அழுதான், வெஸ்லி வேலியைத் தாண்டிப் போய் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கட்டிப்பிடிப்பது வேலையா என்று அன்று யாரும் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு பிற்பகல், நான் வீட்டில் சாய்மனைக் கதிரையில் இருந்தபோது வெஸ்லி அழைத்தார். ஹென்டர்சனில் பள்ளிக்கூட வாசலில் காரை நிறுத்திவிட்டுப் பேசுகிறார். பின்னால் பிள்ளைகளின் கூச்சல்.

“சிவா, விசா வந்திட்டுது. நாங்கள் இஞ்சைதான் நிக்கிறம்.” பிறகு கார்க் கண்ணாடியை ஏற்றும் சத்தம் கேட்டது. “ஒண்டு கேக்கவேணும். நான் அண்டைக்கு அந்தக் கட்டைப்பற்றிச் சொல்லாமல் விட்டிருந்தால், நீங்கள் சொல்லியிருப்பியளோ?”

“இல்லை,” என்றேன். அவருக்கு உண்மையைச் சொல்லும் கடன் எனக்கு இருந்தது.

“எனக்கும் தெரியும்,” என்றார். “என்ரை பிள்ளையளுக்காகச் செய்தியள். அதுக்கு நன்றி. இனிச் செய்யாதேங்கோ.”

ஃபோனை வைத்துவிட்டு நான் அழுதேன். சமையலறையிலிருந்து மனைவி வந்து பார்த்து, யாருக்கு என்ன நடந்தது என்று பயந்துவிட்டாள். வெஸ்லி வீட்டாருக்கு விசா வந்துவிட்டது என்றேன். அவள் வெஸ்லியை ஒருநாளும் கண்டதில்லை. ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் இருந்தாள்.

“ஞாயிற்றுக்கிழமை நாலுபேரையும் சாப்பிடக் கூப்பிடுங்கோ,” என்றாள்.

“நாலுபேருக்கும் எங்கடை மேசை காணாதப்பா. அந்தாள் ஒராளே மூண்டு பேருக்குச் சமன்.”

“நிலத்திலை பாய் போடுவம். எங்களுக்கு அந்தக் கடிதம் வந்த அண்டைக்குச் சொல்லிச் சந்தோஷப்பட ஒரு சனம் இருக்கேல்லை. நானும் நீங்களும் பாணும் சம்பலும் திண்டுபோட்டுப் படுத்தனாங்கள். இவை அப்பிடிப் படுக்கக்கூடாது.”